லவான் கோஸெல் ஓட்டிப் பார்த்த இரண்டு வண்டிகள்

வாசா என்ற ஊருக்கு மேற்கே, மாவட்டச் சாலையின் இரண்டு பக்கத்திலும் எதிரெதிராக எங்கள் முதலாளிக்கு இரண்டு ஷோரூம்கள். ஒன்றில் ஜெர்மன் வண்டி, மற்றதில் ஜப்பான் வண்டி. நான் ஜெர்மன் பக்கத்தில் விற்பவன். பெயர் டேல் ஹிண்ட்ஸ். சொகுசான சின்ன எஸ்யூவி வேண்டுமென்று வருகிறவர்களில் பாதிப்பேர் இரண்டு பக்கமும் ஏறி இறங்குவார்கள். இரண்டு வண்டியும் அளவிலும் விலையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தோல் சீட்டின் நிறம், ஸ்பீக்கர், பின்னால் கோல்ஃப் பை போகுமா என்பதை வைத்துத்தான் ஜனங்கள் முடிவு செய்வார்கள்.

லவான் கோஸெல் அப்படிப் பார்க்கவில்லை. அவருக்கு வண்டி என்றால் நசுங்கின வண்டிதான்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஐம்பத்தேழு வயதுப் பெண்மணி. ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல் உயரம். காகித ஆலையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து அந்த வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றிருந்தார். ஆலை நேரம் போக, ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருபத்தெட்டு வருடம். விபத்தில் மடங்கிப்போன கார்களை ஹைட்ராலிக் கட்டரால் வெட்டி, உள்ளே இருப்பவர்களை எடுப்பது அவர் வேலை. சிலரை முழுசாக எடுத்தார். சிலரைத் துணியில் பொறுக்கி எடுத்தார். மறுநாள் காலை ஆலையில் ஷிஃப்டுக்கு நேரத்துக்குப் போய் நின்றார்.

இதற்கெல்லாம் ஓர் ஆரம்பம் உண்டு. லவானுக்கு இருபத்திரண்டு வயதில், அண்ணன் கென் ஓட்டிய கார் பனியில் வழுக்கிப் பாலத்துச் சுவரில் மோதியது. லவான் ஜன்னல் வழியாக ஊர்ந்து வெளியே வந்துவிட்டார். கென்னின் இடுப்புமேல் ஸ்டியரிங் இறங்கியிருந்தது. அந்த நாளில் எங்கள் படையிடம் கட்டர் கிடையாது. பக்கத்து மாவட்டத்திலிருந்து வர வேண்டும். படைக்காரர்கள் கம்பளி போர்த்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். அரை மணி நேரம் கென் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தான். கடைசியில், ஒரு கல்லை எடுத்து என் தலையில் போடு என்று கெஞ்சினான். லவான் போடவில்லை. கட்டர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அவன் சத்தம் நின்றது. ஏழு வருடம் கழித்து எங்கள் படை சொந்தமாக ஒரு கட்டர் வாங்கியது. அந்த வாரமே லவான் படையில் சேர்ந்தார்.

அவருக்கு ஜீன் என்று ஒரு கணவர் இருந்தார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஏதோ பேச்சில் லவானைக் கன்னத்தில் அறைந்தார். லவான் எழுந்து, அடுப்பில் இருந்த வார்ப்பிரும்புச் சட்டியை எடுத்து அவர் தாடையில் அடித்தார். ஆறு வாரம் ஜீன் உறிஞ்சுகுழலில்தான் சாப்பிட்டார். அதற்குப் பிறகு விவாகரத்து. ஊரில் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். லவான் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர் வண்டி பார்க்க வந்தது நவம்பரில், மான் வேட்டை தொடங்கும் வாரம். பத்தொன்பது வருடம் ஓட்டிய பிக்கப் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. அவருக்கு முதுகெலும்பில் இரண்டு தட்டு விலகியிருந்தது.

“சூடாகுற சீட்டு வேணும். இந்த வயசுல அது ஒண்ணுதான் எனக்கு ஆசை,” என்றார். “மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

புதன்கிழமை முதலில் ஜப்பான் வண்டி. அந்தப் பக்கத்து விற்பனையாள் வேட்டைக்கு லீவு போட்டுவிட்டதால் நானே சாவியை எடுத்துக்கொண்டு போனேன். லவான் முன்பக்கம் பார்க்கவே இல்லை. பின்கதவைத் திறந்தார். உட்கார்ந்தார். இறங்கினார். மறுபடி உட்கார்ந்தார்.

“நீ டிரைவர் சீட்ல உக்காரு.”

உட்கார்ந்தேன்.

“செத்த மாதிரி சாய்ஞ்சுக்க.”

“என்ன?”

“மயக்கம் போட்டுட்ட. பெல்ட்டோட. சும்மா தொங்கு.”

தொங்கினேன். பின்னாலிருந்து என் அக்குளில் கைகொடுத்து, சீட்டைச் சாய்த்து, தொண்ணூறு கிலோ ஆளான என்னை இரண்டு சீட்டுக்கும் நடுவால் பின்னுக்கு இழுத்துவிட்டார். என் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. ஷோரூம் வாசலில் நின்றிருந்த மெக்கானிக்குகள் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

“பரவால்ல. இதுல ஆள் வருவான்,” என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

பிறகு கூரையைத் தாங்கும் தூண்களைத் தட்டிப் பார்த்தார். ஏர்பேக் எங்கே ஒளிந்திருக்கிறது, பேட்டரி எங்கே, அதன் இணைப்பை எங்கே துண்டிக்க வேண்டும் என்று கேட்டார். எனக்குப் பாதி தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் இருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ஒரே அடுக்குக் கண்ணாடி. ஓர் அடியில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அதையும் எழுதிக்கொண்டார். அப்புறம் ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, “சீட்டு கொஞ்சம் கட்டை. மத்தபடி நல்ல பொண்ணு,” என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் ஜெர்மன் வண்டி. எனக்கு இதில்தான் கமிஷன். அதனால் அவர் கேட்பதற்கு முன்பே நான் சொல்லத் தொடங்கினேன்.

“லவான், இதுல முன்பக்க ஜன்னல் ரெண்டும் இரண்டடுக்குக் கண்ணாடி. நடுவுல படலம் வெச்சு ஒட்டினது. வெளிச் சத்தமே உள்ள வராது.”

“உள்சத்தமும் வெளிய போகாது.” கண்ணாடியை நகத்தால் சுண்டினார். “உடைக்க முடியாது, தெரியுமா உனக்கு? ரம்பம் போட்டு அறுக்கணும். உள்ள ஒருத்தன் எரிஞ்சிட்டிருந்தாலும் அறுக்கத்தான் வேணும்.”

“திருடன் உள்ள வர முடியாதுல்ல?”

“எத்தனை திருடனைப் பாத்திருக்க இங்க?”

ஆனால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சூட்டை ஏற்றியதும் அவர் முகம் மாறியது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே இருந்தார். வியாபாரம் முடிந்தது என்று நினைத்தேன்.

மாவட்டச் சாலையில் வடக்கே போனோம். இரண்டு பக்கமும் அறுத்து முடித்த சோளக்காடு. எதிரே வருகிற வண்டியெல்லாம் வேட்டைக் குடில்களுக்குப் போகிற வண்டி. ஆரஞ்சுத் தொப்பி, பின்னால் ஐஸ் பெட்டி. ஒரு மேட்டைத் தாண்டினதும் சாலை காலியாக இருந்தது. லவான் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

“ஒரு தடவை அழுத்திப் பாக்கறேன். பிடிச்சுக்க.”

ஐம்பத்தைந்து மைல் வேகத்தில் பிரேக்கை முழுசாக மிதித்தார். வண்டி கோடு விலகாமல், மூக்கைத் தரையில் குத்தி நின்றது. “நல்ல பிரேக்,” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் டயர் தேயும் சத்தம். மேட்டுக்கு மேலே ஒரு கறுப்புப் பிக்கப் ஏறி வந்து, எங்களைப் பார்த்துச் சட்டென்று திரும்பி, சரளையில் இறங்கிப் பள்ளத்தின் விளிம்பு வரை போய் நின்றது.

“தப்பு என்னோடதுதான்,” என்றார் லவான். ஜன்னலை இறக்கிக் கையை வெளியே நீட்டி மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆட்டினார். பிறகு மெதுவாகக் கிளப்பினார்.

பிக்கப் பின்னாலேயே வந்தது. ஹார்னிலிருந்து கையை எடுக்காமல் வந்தது. கால் மைல் போனதும் எங்கள் பின்பக்கத்தில் இடித்தது. என் பல் நாக்கில் பட்டு ரத்தம் வந்தது. லவான் ஓரம் ஒதுங்கினார், போகட்டும் என்று. அது தாண்டிப் போய், குறுக்கே திரும்பிச் சாலையை மறித்து நின்றது. ஒரு ஆள் இறங்கினான். முப்பத்தைந்து வயது இருக்கும். தாடி, ஆரஞ்சு ஜாக்கெட், நெஞ்செல்லாம் காபி கொட்டின கறை. கையில் வீல் ஸ்பேனர்.

அவன் பெயர் கோடி மாட்ஸ்கே என்பதும், கூரை வேயும் தொழில் செய்கிறவன் என்பதும், அன்று காலை நீதிமன்றத்தில் அவன் மகள் தாயிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பானதும் எங்களுக்குப் பின்னால்தான் தெரியும்.

“ஜன்னலை ஏத்துங்க,” என்று கத்தினேன். அவர் ஏற்கெனவே ஏற்றியிருந்தார்.

“கிழட்டு நாயே, இறங்குடி,” என்றான். முதல் அடி லவானின் ஜன்னலில் விழுந்தது. கண்ணாடியில் வெள்ளையாக ஒரு நட்சத்திரம் விழுந்தது, உடையவில்லை. இரண்டாவது அடியில் நட்சத்திரம் தட்டளவு ஆனது. மூன்றாவது அடியில் கண்ணாடி முழுக்க வெளுத்து உள்பக்கம் தொய்ந்தது, ஆனாலும் பிடித்துக்கொண்டிருந்தது. நான் போனை எடுக்கப் பார்த்துக் காலடியில் போட்டுவிட்டேன்.

அவன் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பின் ஜன்னலுக்குப் போனான். அது சாதாரணக் கண்ணாடி. ஒரே அடியில் உதிர்ந்தது. கையை விட்டுக் கதவைத் திறந்தான். பின்சீட்டில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு வீசினான். தலையைக் காக்க நான் இடது கையைத் தூக்கினேன். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே எலும்பு போகும் சத்தம் எனக்குக் கேட்டது. வலி அப்புறம்தான் வந்தது. அடுத்த வீச்சு லவானின் இடது காதில். அவர் தலை ஸ்டியரிங்கில் மோதித் திரும்பி வந்தது. காது பாதி தொங்கியது.

அவர் கத்தவில்லை. கியரை ரிவர்ஸில் போட்டு மிதித்தார்.

திறந்திருந்த பின்கதவு அவனை முதுகில் வாரியது. வெளியே இழுபட்டு விழுந்தான். கதவு அவன் முகத்தைத் தேய்த்துக்கொண்டு போனது. லவான் இருபதடி பின்னால் போய் நிறுத்தினார். அவன் சாலையில் கிடந்தான். மூக்கு இருந்த இடம் ரத்தமாக இருந்தது. லவானின் கை மறுபடி கியருக்குப் போவதைப் பார்த்தேன். இந்தத் தடவை முன்னால்.

“லவான்,” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவன் எழுந்தான். ஸ்பேனரைத் தேடி எடுத்தான். எங்களை நோக்கி இரண்டு அடி வைத்தவன், லவான் எஞ்சினை உறும விட்டதும் நின்றான். காறித் துப்பினான். நொண்டிக்கொண்டு பிக்கப்பில் ஏறி, டயர் புகைய வடக்கே பறந்தான்.

அங்கிருந்து முந்நூறு கஜத்தில் நாற்சந்தி. நின்று போக வேண்டிய இடம். அவன் நிற்கவில்லை. கிழக்கேயிருந்து பால் டேங்கர் வந்தது. எங்கள் கண் முன்னால் அது பிக்கப்பின் பக்கவாட்டில் ஏறியது. பிக்கப் இரண்டு தடவை உருண்டு, மின்கம்பத்தில் மோதி, பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. கூரை சீட்டின் தலைப்பகுதி வரை இறங்கியிருந்தது.

லவான் அந்தத் தொங்கும் காதோடு வண்டியை அங்கே ஓட்டினார். நான் வழியில் அவசர எண்ணுக்குப் பேசினேன். படை வர பதினோரு நிமிடம் ஆகும் என்றார்கள். அந்தப் படையில் கட்டர் பிடிக்கிற ஆள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வெறுங்கையோடு.

டேங்கர் டிரைவர் கிழவர், அடிபடவில்லை. பிக்கப்பின் மூக்கில் நெருப்பு பிடித்திருந்தது. அவர் தன் தீயணைப்பானை முழுசாக அடித்தார். நெருப்பு அணைந்து, ஒரு நிமிடத்தில் மறுபடி எழுந்தது.

லவான் முன்கண்ணாடியை உதைத்து மடக்கி, வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனார். நான் கண்ணாடி ஓட்டையில் மண்டியிட்டு ஒரே கையால் அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். அதனால் உள்ளே நடந்த எல்லாமே எனக்குத் தெரியும்.

அவன் நினைவோடு இருந்தான். லவானின் முகத்தைப் பார்த்தான்.

“நீயா,” என்றான்.

“நானேதான். கால் எங்க இருக்கு?”

“போயிடு. என்னைத் தொடாத.”

“கால் எங்கடா இருக்கு?”

வலது கால் பிரேக் மிதிக்கும் மடங்கின தகடுக்கும் நடுவே மாட்டியிருந்தது. லவான் தன் மடக்குக் கத்தியால் அவன் பெல்ட்டை அறுத்தார். ஸ்பேனரைத் தேடி எடுத்து மிதியை நெம்பினார், அசையவில்லை. கத்தியால் பூட்ஸின் கயிற்றை அறுத்து, பூட்ஸைப் பிளந்து உரித்தார். காலைப் பின்னால் இழுத்தார். வரவில்லை. புறங்காலின்மேல் தகடு மடிந்து உட்கார்ந்திருந்தது. சீட்டில் இருந்த தோட்டாப் பெட்டி சூட்டில் வெடிக்கத் தொடங்கியது. பொரி வெடிக்கிற மாதிரி, ஆனால் ஒவ்வொன்றும் உடம்பு தூக்கிப்போடுகிற மாதிரி. அவன் கால்சட்டையின் ஓரம் புகைந்தது.

“கேளு,” என்றார் லவான். “உன் காலை உள்பக்கமாத் திருப்பப் போறேன். கால் போகாத பக்கம். உடையும். அப்பத்தான் வெளிய வரும்.”

“வேணாம். வேணாம், அவங்க வரட்டும். வண்டி வந்துடும்.”

“வண்டி வரதுக்குள்ள நீ கரி. மூணு எண்ணுவேன். ஒண்ணு. ரெண்டு.”

இரண்டிலேயே திருப்பினார். பச்சைக் கிளையை ஒடித்த மாதிரி இருந்தது. அவன் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. லவான் இன்னொரு தடவை திருப்பினார். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. காலும் வந்தது.

“இழு,” என்றார் என்னிடம்.

நானும் டேங்கர் டிரைவரும் அவரை இழுத்தோம். அவர் அவனை இழுத்தார். நான்கு பேரும் ஒரே குவியலாகப் புல்லில் வந்து விழுந்தோம். தள்ளிக் கொண்டுபோய்ப் போட்ட சிறிது நேரத்தில் பிக்கப் முழுக்கப் பற்றிக்கொண்டது. லவான் தன் இடுப்பு பெல்ட்டை உருவி அவன் தொடையில் இறுக்கிக் கட்டினார். பிறகு தள்ளிப் போய் உட்கார்ந்து, தன் காதைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் என் கை எலும்பில் தகடு வைத்துத் திருகினார்கள். லவானுக்குப் பதினான்கு தையல். காது ஒட்டிக்கொண்டது, கேட்கும் சக்தி ஒட்டவில்லை. மாட்ஸ்கேயின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, தலையில் கட்டோடு லவான் எங்கள் ஷோரூமுக்கு வந்தார். அதே நோட்டு கையில். நான் கையைக் கழுத்திலிருந்து கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு மேசையில் இருந்தேன்.

“ஜப்பான் வண்டியை எடுத்துக்கறேன்,” என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “லவான், எங்க கண்ணாடிதானே உங்க தலையைக் காப்பாத்துச்சு? அந்த வண்டியா இருந்தா முதல் அடியிலேயே முடிஞ்சிருக்கும்.”

“மூணு அடி தாங்குச்சு. ஒத்துக்கறேன். சீட்டும் உன்னோடதுதான் நல்லது, என் முதுகு உன் பேரைச் சொல்லி அழும்.” நோட்டை என் முன்னால் வைத்தார். “ஆனா என் ஆயுசுல கம்பி எடுத்துட்டு வெளியேருந்து வந்தவன் ஒருத்தன்தான். உள்ள மாட்டிக்கிட்டுக் கத்தினவங்களை நூத்துக்கு மேல பாத்துட்டேன். நான் எதுக்குப் பயப்படணும், நீயே சொல்லு.”

சாம்பல் நிற வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

மாட்ஸ்கே எங்களைத் தாக்கியதற்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒன்றரை வருடம் சிறைக்குப் போனான். அங்கிருந்தே லவான்மேல் வழக்குப் போட்டான். விபத்தில் உதவப் போகிறவர்களைச் சட்டம் காப்பாற்றும். ஆனால் வேண்டுமென்றே கெடுதல் செய்திருந்தால் காப்பாற்றாது. லவான் பழி வாங்கத்தான் காலை ஒடித்தார், படை வரும்வரை பொறுத்திருக்கலாம் என்பது அவன் தரப்பு.

அவனுடைய வழக்கறிஞர் இளம்பெண், கெட்டிக்காரி. ஜீனின் தாடையிலிருந்து ஆரம்பித்தார்.

“உங்களை அடிச்சவங்களுக்கு நீங்க எலும்பை உடைச்சுத்தான் பதில் சொல்வீங்க, இல்லையா?”

“ரெண்டு தடவை அப்படி ஆயிருக்கு,” என்றார் லவான். பன்னிரண்டு ஜூரிகளும் அவரையே பார்த்தார்கள்.

“அந்தக் காரை ரிவர்ஸ்ல எடுத்து அவரைக் கீழ தள்ளினப்புறம், முன்னால ஓட்டி அவர்மேல ஏத்தணும்னு நினைச்சீங்களா?”

“நினைச்சேன்.”

எங்கள் தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். லவான் அவரைக் கையால் உட்காரச் சொன்னார்.

“காலை ஒடிச்சப்போ கோபமா இருந்தீங்களா?”

“ஆமா.”

“ஒடிச்சது உங்களுக்குப் பிடிச்சிருந்ததா?”

லவான் நல்ல காதைத் திருப்பி, கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொன்னார். கேள்வி சரியாகவே கேட்டது, நேரம் வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பெண் திரும்பச் சொன்னார்.

“அந்த ஒரு நொடி பிடிச்சிருந்தது,” என்றார் லவான். “அவன் கத்தினது நல்லா இருந்தது. அதைப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்காக ஒடிக்கல. எனக்குப் பிடிக்காம இருந்திருந்தாலும் ஒடிச்சிருப்பேன். ஒடிக்கலன்னா எரிஞ்சிருப்பான். ஒடிக்கிறது எனக்குப் பிடிச்சிருக்குங்கிறதுக்காக, ஒடிக்காம ஒருத்தனை எரிய விட்டுட்டு வர முடியுமா?”

மாட்ஸ்கே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்து நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். மூன்று எண்ணுவதாகச் சொல்லி ஏன் இரண்டில் திருப்பினார், இது சித்திரவதை இல்லையா என்று கேட்டார்கள். மூன்று வரும் என்று உடம்பு இறுகிக்கொள்ளும், இறுகினால் இன்னும் மோசமாக உடையும், அதனால் படைக்காரர்கள் எல்லோரும் இரண்டில்தான் செய்வார்கள் என்று எங்கள் படைத் தலைவர் ரோலண்ட் ஸீலின்ஸ்கி ஏற்கெனவே சாட்சி சொல்லியிருந்தார். நானும் பார்த்ததைச் சொன்னேன். ஜூரியில் பத்துப் பேர் லவான் பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பக்கம். எங்கள் மாநிலத்தில் பத்துப் பேர் போதும்.

தீர்ப்பு வந்த வாரம் லவான் தீயணைப்பு நிலையத்துக்குப் போய், படை அழைப்பு வரும் தன் பேஜரை ரோலண்டின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். ரோலண்ட் அவர் வீட்டு வாசல்வரை வந்து கெஞ்சினார். லவான் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

படையை விட்டதற்கான காரணத்தை நான் ஒரு வெள்ளிக்கிழமை கேட்டேன். சாலையோர உணவு விடுதியில் மீன் வறுவல் நாள். கூட்டம், சத்தம். அவருடைய வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன், அந்தக் காதுதான் கேட்கும்.

“நீங்கதானே ஜெயிச்சீங்க. எதுக்கு விட்டீங்க?”

“கோர்ட்டுல அந்தப் பொண்ணு பிடிச்சிருந்ததான்னு கேட்டாளே, அது வரைக்கும் எனக்கே தெரியாது.” முட்டைக்கோஸை முள்ளால் ஒதுக்கினார். “இருபத்தெட்டு வருஷம் ஆளுங்களைப் பிடிச்சு இழுத்திருக்கேன். ஒவ்வொருத்தரும் கத்துவாங்க. நான் எதுவும் உணர்ந்ததில்ல, அதான் நல்லா செஞ்சேன். இனிமே யார் கத்தினாலும் எனக்குள்ள என்ன நடக்குதுன்னு பாத்துட்டு நிப்பேன். கட்டர் பிடிக்கிறவ நிக்கக் கூடாது.”

எனக்குள் ஒன்று ஒரு வருடத்துக்கு மேலாகக் கிடந்தது. யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. சாட்சிக் கூண்டில் அதை யாரும் கேட்கவும் இல்லை.

“லவான், நீங்க உள்ளேருந்து இழுன்னு சொன்னப்போ நான் உடனே இழுக்கல.”

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அவன் எரியட்டும்னு நினைச்சேன். உங்க பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு, அவனை விட்டுட்டு உங்களை மட்டும் இழுத்துடலாமான்னு பாத்தேன். கையில எலும்பு குத்திக்கிட்டிருந்துச்சு. டிரைவர் வந்து கை போட்டப்புறம்தான் இழுத்தேன்.”

“தெரியும்,” என்றார் லவான். “ரெண்டு தடவை இழுன்னு சொன்னேன். முதல் தடவை உனக்குக் கேக்கலன்னு, நீ வெளிய போயிருந்தப்போ கோர்ட்டுல சொல்லிட்டேன்.”

அவர் தட்டிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். பரிமாறும் பெண் வந்து இன்னும் மீன் வேண்டுமா என்று கேட்டாள். லவான் இரண்டு பேருக்கும் கொண்டுவரச் சொன்னார்.